ரெகார்டு நோட்டை அவன் வீட்டில் கொடுக்கலாமா?

தாமிரபரணிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.இ.இ. (மின்னியல், மின்னணுவியல்) துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சொந்த ஊர் திருநெல்வேலி. இரண்டாம் ஆண்டுக்கு நான்தான் கிளாஸ் அட்வைசர். புதிதாக வருகிறவர் தலையில்தான் அந்த வேலையைக் கட்டுவார்கள், உங்களுக்கே தெரியும்.

போன மாதம் என் வகுப்புப் பையன் ஒருவன் விபத்தில் போய்விட்டான். வயது 19. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறான். பைபாஸில் லாரி பின்னாலிருந்து இடித்திருக்கிறது. இருந்தது ஒரே ஹெல்மெட், அது ஓட்டியவன் தலையில். ஓட்டியவனும் என் வகுப்புதான். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு தப்பித்தான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வகுப்பு ரெப் போன் செய்து சொன்னான். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க?" அவன் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் எங்கள் துறைத் தலைவர், எச்.ஓ.டி., ஒரு பஸ் ஏற்பாடு செய்து, "பசங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்கம்மா" என்றார். ஜி.ஹெச்.சில் போஸ்ட்மார்ட்டம் முடிந்து மதியத்துக்கு மேல்தான் உடம்பு வீட்டுக்கு வந்தது. 54 பிள்ளைகளோடு அந்தத் தெருவில் பந்தலுக்கு வெளியே நின்றேன். மாலையை யார் போடுவது, பெண் பிள்ளைகளை எப்போது பஸ்ஸில் ஏற்றுவது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது அவன் அம்மாவிடம், "போயிட்டு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்து, "எழவு வீட்ல சொல்லிட்டுக் கெளம்பக் கூடாது கண்ணு" என்றார். எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். தெரிந்தும் வாய் சொல்லிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அட்டெண்டன்ஸ். அவன் ரோல் நம்பர் 31. முப்பது வரை வந்து நின்றுவிட்டேன். மொத்த வகுப்பும் என்னையே பார்த்தது. நேராக 32 என்றேன். அந்தப் பெண் பதில் சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது.

புதன்கிழமை அவன் அப்பாவிடமிருந்து போன். "மேடம், காலேஜ்ல இருந்து மெசேஜ் வருதுங்க." அவ்வளவுதான் சொன்னார். முதல் பீரியடுக்கு வராதவர்களின் வீட்டுக்குத் தானாகப் போகும் எஸ்.எம்.எஸ். 'உங்கள் மகன் இன்று கல்லூரிக்கு வரவில்லை.' ஆபீசில் சொன்னேன். மென்பொருள் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும் என்றார்கள். அடுத்த நாளும் போயிருக்கிறது.

இப்போது என் கேள்வி. என் மேஜை டிராயரில் அவனுடைய மெஷின்ஸ் லேப் ரெகார்டு இருக்கிறது. டி.சி. ஷன்ட் மோட்டார் லோடு டெஸ்ட். ரீடிங், கிராஃப் எல்லாமே பக்கத்து பேட்ச்சைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தான். பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு 'ரிப்பீட்' என்று எழுதினேன். அதோடு விடாமல், "சொந்தமா ஒரு பக்கம் எழுதத் தெரியாதாடா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அது வெள்ளிக்கிழமை. நான் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அந்த நோட்டை அவன் வீட்டில் கொடுக்கலாமா? அந்தப் பக்கத்தோடா, அதைக் கிழித்துவிட்டா?

வண்டி ஓட்டிய பையன் இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டான். தோளில் பட்டை கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். யாரோடும் பேசுவதில்லை. அவனிடம் நான் என்ன சொல்வது?

என்னைப் பற்றியும் ஒரு வரி. லேபில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. எச்.ஓ.டி. நல்லவர்தான், "பழகிடும்மா" என்கிறார். பழகிவிடுமோ என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

—

பழைய வார்டன் எழுதியது:

அம்மா, நான் மெக்கானிக்கல். 31 வருடம் வாத்தியார், அதில் 12 வருடம் ஹாஸ்டல் வார்டன். ஐந்து பிள்ளைகளை வழியனுப்பியிருக்கிறேன். ஐந்தில் மூன்று பைக்.

முதலில் அந்த எஸ்.எம்.எஸ். அதை நாளைக்கே நிறுத்த வேண்டும். வாய்ப்பேச்சாகச் சொன்னால் நடக்காது. முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, எல்லாப் பிரிவுக்கும் நகல் வைத்து, கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு பையனின் பெயர் காலேஜில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அட்டெண்டன்ஸ், ஃபீஸ் கவுண்டர், நூலகம், பஸ், பரீட்சைப் பிரிவு, அரசு உதவித்தொகைக்கான யூமிஸ் இணையதளம் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் எடுத்தால் மற்றதில் போகாது. நான் இருந்த கல்லூரியில் ஒரு பையன் போய் ஆறு மாதம் கழித்து நூலகத்திலிருந்து அபராத நோட்டீஸ் போயிற்று. அவன் அப்பா இரண்டு பஸ் மாறி வந்து புத்தகத்தையும் நாற்பது ரூபாயையும் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். நான் அவரைப் பார்க்கவில்லை. நூலகர் சொன்னபோது அவர் பஸ் ஏறிவிட்டிருந்தார். அதற்கப்புறம்தான் நான் இந்தக் கடிதம் எழுதும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்தது, வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பல கல்லூரிகளில் கட்டணத்தோடு சேர்த்து மாணவர் குழு விபத்துக் காப்பீட்டுக்கும் ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள். அப்படி ஒரு பாலிசி இருப்பதே பெற்றோருக்குத் தெரியாது. உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இது தவிர லாரிக்காரர் தரப்பில் நஷ்ட ஈடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இருந்து சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்கும் நடக்கிறது. ஆனால் வழக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். பையன் படித்து முடித்திருந்தால் என்ன சம்பாதித்திருப்பான் என்பதும் அங்கே கணக்கில் வரும். அதற்கு இங்கே படித்தான் என்கிற போனஃபைடு சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் வேண்டும். அவர்கள் வந்து கியூவில் நிற்கிற மாதிரி வைக்காமல் நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல்கள் ஆபீசில் இருந்தால் அதையும்தான். பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்கும் 'நோ டியூஸ்' ஃபார்மை அவன் அப்பா கையில் கொடுத்து ஒவ்வொரு கவுண்டராக ஏற விட்டுவிடாதீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

ரெஜிஸ்டரில் அவன் பெயரை ஒயிட்னர் போட்டு அழிக்க வேண்டாம். ஒரு கோடு, பக்கத்தில் தேதி, போதும். கொஞ்ச நாளைக்கு நம்பர் சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் இருக்கும் குழி பெயர்களில் அவ்வளவாகத் தெரியாது.

நோட்டு. பக்கத்தைக் கிழிக்காதீர்கள். கிழித்த இடம் தெரியும், அங்கே என்ன இருந்தது என்று அவர்கள் வாழ்க்கை முழுக்க யோசிப்பார்கள். பியூனிடம் கொடுத்தனுப்பவும் வேண்டாம், பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் போகவும் வேண்டாம். "நோட்டு இருக்குங்க, வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் டிராயரிலேயே இருக்கட்டும்.

என் முதல் சாவு 2001. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளிக்கப் போன பையன். திங்கட்கிழமை நான் வகுப்புக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லாமல் தெர்மோடைனமிக்ஸ் நடத்தினேன். 50 நிமிடமும் போர்டைப் பார்த்தபடியே. தைரியமாக நடந்துகொண்டேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அந்த பேட்ச் பையன் ஒருவன் சொன்னான்: "சார், அன்னைக்கு நீங்க ஒரே ஸ்டெப்பை மூணு தடவை எழுதுனீங்க. நாங்க யாரும் சொல்லல, அப்படியே மூணு தடவை நோட்ஸ் எடுத்துக்கிட்டோம்."

—

ஃப்யூஸ் போன வாத்தியார் எழுதியது:

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், திட்டிக்கொள்ளுங்கள். நாம் பாடம் நடத்த வந்தவர்கள். கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைல் நம் தலையில், கோடையில் அட்மிஷனுக்கு ஊர் ஊராக அலைவது நம் தலையில், மென்டார் என்று இருபது பேரின் குடும்பக் கதை நம் தலையில். இப்போது சாவு வீட்டு வேலையும் நமக்கா? எட்டு மாத அனுபவம் உள்ள ஒரு பெண்ணை 54 பேரோடு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய எச்.ஓ.டி. ஏன் கூட வரவில்லை? மேடம், உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டால் அடுத்த தடவையும் உங்களைத்தான் அனுப்புவார்கள்.

—

தாமிரபரணிக்காரி எழுதியது:

வார்டன் சார், கடிதம் நேற்றே கொடுத்துவிட்டேன். இன்று காலை மெசேஜ் போகவில்லை என்று அவன் அக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கணக்குப் பிரிவில் விசாரித்தேன், பாலிசி இருக்கிறது. இரண்டு வருடமாக எங்கள் கல்லூரியில் யாருமே அதில் க்ளெய்ம் செய்ததில்லையாம், அவர்களே ஃபைலைத் தேடித்தான் எடுத்தார்கள்.

ஃப்யூஸ் சார், எச்.ஓ.டி. விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எனக்கும் அன்றைக்குக் கோபம்தான். ஆனால் நான் போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

—

2019 பாஸ் அவுட் எழுதியது:

நான் ஸ்டாஃப் இல்லை, மாணவியாக இருந்தவள். மூன்றாம் வருடத்தில் என் ரூம்மேட் காய்ச்சலில் இறந்துபோனாள். எந்த மேடமும் வகுப்பில் அவள் பெயரைச் சொல்லவே இல்லை. எங்களை அழ வைக்கக்கூடாது என்று நினைத்திருப்பார்கள். எங்களுக்கோ அவள் அங்கே படிக்கவே இல்லை என்பது போல இருந்தது.

அதைவிட மோசம் செமஸ்டர் பரீட்சை. பரீட்சை எழுதுகிறவர்களின் பட்டியலான நாமினல் ரோலிலிருந்து அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த டெஸ்க்கில் அவள் பதிவு எண் ஒட்டியிருந்தது. அரை மணி நேரம் ஆனதும் மேற்பார்வைக்கு வந்தவர் அவள் பெயருக்கு நேரே சிவப்பில் 'ஏ.பி.', அதாவது ஆப்சென்ட் என்று போட்டார். அவர் வேறு கல்லூரிக்காரர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஐந்து பேப்பருக்கும் அப்படித்தான். மேடம், தயவு செய்து பரீட்சைப் பிரிவுக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்.

—

மதுரைக் கவுன்சிலர் எழுதியது:

ஒரு கலைக் கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். அந்த வண்டி ஓட்டிய பையனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதை வார்டன் ஐயா சொல்லிவிட்டார்.

"உன் தப்பு இல்லைடா" என்று எல்லோரும் அவனிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடும், அதுதான் சிக்கல். "கடவுள் உன்னைக் காப்பாத்திட்டாரு" என்பது அதைவிட மோசம். அப்படியானால் அவனை ஏன் காப்பாற்றவில்லை என்றுதான் பையன் இரவெல்லாம் யோசிப்பான். நீங்கள் பெரிதாக எதுவும் சொல்ல வேண்டாம். லேப் முடிந்ததும், "இருடா, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று கூப்பிடுங்கள். தோள் எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். முதல் நாள் பேசமாட்டான். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை பேசலாம். அந்த ஹெல்மெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குறுக்கே விழாமல் முழுதாகக் கேளுங்கள்.

"அவனுக்குப் பதிலா நான் போயிருக்கணும்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், "உயிரை விட்டுடலாம்னு தோணுதாடா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போய்விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் போனிலிருந்தே போட்டுக் கொடுங்கள். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சினேகாவும் இருக்கிறது.

உங்கள் வகுப்பில் நடந்தது விபத்து. ஒருவேளை மாணவர் தற்கொலை என்றால் சில விஷயங்கள் மாறும். 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. வாத்தியார் வேலையில் நீடித்தால் நம்மில் யாருக்கும் இது வரலாம். அப்போது எப்படி நடந்தது என்று வகுப்பில் விவரிக்கக்கூடாது. "அரியர் இருந்துச்சு, அதான்", "காதல் தோல்வி" என்று ஒற்றைக் காரணம் சொல்லிக் கதையை முடிக்கக்கூடாது. கடிதம் ஏதாவது கிடைத்தால் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவதை முளையிலேயே நிறுத்த வேண்டும். துக்கம் அனுசரிக்கலாம், ஆனால் கேட்டில் ஆளுயர பேனரெல்லாம் வேண்டாம், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் வேறொரு பிள்ளையும் அதைப் பார்க்கும். போலீஸ் கேட்டால் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், யூகத்தைச் சொல்ல வேண்டாம்.

ஃப்யூஸ் சாருக்கு ஒரு தகவல். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், ஊழியர்களுக்கு வருடத்தில் இரண்டு தடவையாவது இதற்கான பயிற்சி கொடுக்க வேண்டும். ஆக, "இது எங்கள் வேலையா?" என்று நீங்கள் கேட்க வேண்டிய இடம் நிர்வாகம்தான். அந்த உத்தரவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

தாமிரபரணி மேடம், 14416 மாணவர்களுக்கு மட்டும் இல்லை. மோட்டார் சத்தத்தைப் பற்றி என்னிடமும் பேசலாம். தனிமடல் திறந்துதான் இருக்கிறது.

—

தாமிரபரணிக்காரி எழுதியது:

போய்விட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அக்காவிடம் கேட்டேன். அவள் அப்பாவிடம் கேட்டுவிட்டு, "கொண்டாங்க மேடம்" என்றாள். வண்டி ஓட்டிய பையனிடம் மூன்றாவது டீயின்போது இதைச் சொன்னேன். நானும் வருகிறேன் என்றான். சாவுக்குக்கூட அவன் வந்திருக்கவில்லை, அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். அந்த வீட்டில் அவனை எப்படிப் பார்ப்பார்களோ என்று எனக்கு வழியெல்லாம் வயிற்றைக் கலக்கியது. இறந்த பையனின் அம்மா இவனுடைய தோள் பட்டையைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா சாமி?" என்று மட்டும் கேட்டார். இவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சான்றிதழ்கள், போனஃபைடு, காப்பீட்டு ஃபார்ம் எல்லாவற்றையும் அக்காவிடம் கொடுத்து விளக்கினேன். கடைசியாக நோட்டு. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அவர் தறி ஓட்டுகிறவர், இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. சிவப்பு மை வந்ததும் நின்றார்.

"இது என்னங்க மேடம்?"

"திரும்ப எழுதச் சொன்னேங்க. பார்த்து எழுதியிருந்தான்னு திட்டினேன்." பக்கம் பக்கமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் போய், அவ்வளவுதான் வந்தது.

அவர் நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அக்காவிடம் காட்டினார். அக்கா பார்த்துவிட்டு, "இது அவன் கையெழுத்தே இல்லீங்க மேடம். அவன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்" என்றாள்.

நான் மூலையில் இருந்தவனைப் பார்த்தேன்.

"நான்தான் மேம் எழுதிக் குடுத்தேன்" என்றான். "அன்னைக்கு அவனுக்கு மேட்ச் இருந்துச்சு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை, ஆனால் சிரித்துவிட்டேன். உள்ளே இருந்து அம்மா வந்து, "அப்ப அவன் எழுதுனது எது?" என்று கேட்டார். மூலையில் இருந்தவன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நல்லா இருக்கும் கையால் பக்கங்களைத் திருப்பினான். "இது அவன். இது நான். இதுவும் நான்தான்மா. இது அவன்."

காபி ஆறிப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.